பனிமலையும் மரங்களும்: ஆயில் பெயின்டிங் கற்றுக்கொள்ளலாமா? கடன் வாங்கலாமா?



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது இப்போதெல்லாம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "மேடம், ஆயில் பெயின்டிங் கத்துக்கிட்டா வருமானம் வருமா? அதுக்குக் குழுவுல கடன் எடுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். முன்பு பேப்ரிக் பெயின்டிங், கிளாஸ் பெயின்டிங், தஞ்சாவூர் ஓவியம் என்று கேட்பீர்கள். இப்போது பிள்ளைகளின் செல்போனில் பனிமலையும் மரங்களும் அரை மணி நேரத்தில் வரைந்து முடிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, "இது நம்மால முடியாதா?" என்று கேட்கிறீர்கள்.

நல்ல கேள்விதான். முடியும் என்பதே எங்கள் பதில். ஆனால் கற்றுக்கொள்வது ஒரு விஷயம், கடன் வாங்கித் தொழில் செய்வது வேறு விஷயம். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

பனியே பார்க்காத நாம் பனியை வரையலாமா?

காஞ்சிபுரத்தில் மார்கழிப் பனி உண்டு. அது ஈரமும் மூடுபனியும்தான். ஊட்டியில் குளிர்காலத்தில் புல் மேல் வெள்ளையாகப் படிவது உறைபனி. வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழுந்து மலையையும் மரத்தையும் மூடுகிற பனி காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் பக்கம்தான். நம்மில் பலர் அதை 1992ல் வந்த 'ரோஜா' மாதிரிப் படங்களிலும், சாமி காலண்டரில் சிவபெருமானுக்குப் பின்னால் தெரிகிற கைலாயத்திலும் பார்த்ததோடு சரி.

ஆனாலும் பனிமலை நமக்கு அந்நியம் இல்லை. நம் ஊர் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன் ராஜசிம்ம பல்லவன். சுமார் 1,300 வருடத்துக்கு முன்னால், பனியே விழாத ஊரில், திபெத்தில் இருக்கும் பனிமலையின் பெயரில் கோயில் எழுப்பினார்கள். அதன் சுற்றுப் பிராகாரத்துச் சின்னச் சின்ன சன்னதிகளில் பழைய பல்லவர் கால ஓவியங்களின் மிச்சம் இன்றும் தெரியும். அடுத்த முறை போகும்போது நின்று பாருங்கள்.

செல்போனில் வரும் அந்த வீடியோக்களில் மிகப் பிரபலமானவர் பாப் ராஸ் என்ற அமெரிக்க ஓவியர். 1983 முதல் 1994 வரை தொலைக்காட்சியில் ஓவியம் கற்றுக்கொடுத்தார். 1995ல் காலமானார். அவர் பிறந்த புளோரிடாவும் வெயில் ஊர்தான். விமானப்படை வேலையில் அலாஸ்காவுக்குப் போனபோதுதான் பனிமலைகளோடு பழக்கம் ஏற்பட்டது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நிகழ்ச்சியில் வரைவதற்கு முன்பே அதே படத்தை அவர் ஒரு முறை வரைந்து பக்கத்தில் மாதிரியாக வைத்துக்கொள்வார். நாம் பார்க்கிற அரை மணி நேரத்துக்குப் பின்னால் பல வருடப் பழக்கம் இருக்கிறது. நம்முடைய முதல் படத்துக்கு மூன்று நான்கு நாள் ஆனால் மனம் தளர வேண்டாம்.

ஆயில் பெயின்ட் என்றால் என்ன?

வண்ணப் பொடியை ஆளி விதை எண்ணெயில் (லின்சீட் ஆயில்) அரைத்தால் ஆயில் பெயின்ட். வாட்டர் கலர், தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது. எண்ணெய் ஆவியாகாது. அது காற்றில் இருக்கும் பிராணவாயுவோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. அதனால் மெல்லிய பூச்சு காயச் சில நாள் ஆகும். தடித்த பூச்சுக்கு வாரக்கணக்கில் ஆகும். மேலே வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் காத்திருப்பது நல்லது.

காய நேரமாவதில் ஒரு வசதியும் உண்டு. தப்பாகப் போட்டால் துணியால் துடைத்துவிடலாம். ஈரமாக இருக்கும்போதே ஒரு கலரை இன்னொரு கலரோடு குழைத்து இணைக்கலாம்.

வாங்க வேண்டியவை:
- கேன்வாஸ் போர்டு, சின்ன அளவு (10க்கு 12 அங்குலம் போதும்)
- ஐந்து டியூப்: டைட்டானியம் வெள்ளை (இது மட்டும் பெரிய டியூப்), அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற காவிப் பழுப்பு, எல்லோ ஆக்கர் என்ற மஞ்சள் காவி, கொஞ்சம் கிரிம்சன் சிவப்பு
- தட்டைப் பிரஷ் இரண்டு, சின்ன உருண்டைப் பிரஷ் ஒன்று, நீள முடியுள்ள மெல்லிய பிரஷ் ஒன்று
- லின்சீட் ஆயில், டர்பன்டைன் சின்ன பாட்டில்
- கலர் கலக்க உடைந்த டைல்ஸ் துண்டு, துடைக்கப் பழைய பருத்தித் துணி

கறுப்பு டியூப் வேண்டாம். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் நல்ல இருண்ட கலர் வரும்.

"வீட்டுல பழைய வேட்டி இருக்கு, அதுல வரையலாமா?" என்று கேட்பீர்கள். நேராக வரையக் கூடாது. ஆளி எண்ணெய் நூலில் இறங்கினால் நாளடைவில் துணி இற்றுப்போகும். அதனால்தான் கேன்வாஸில் முதலில் வெள்ளைப் பூச்சு (ஜெஸ்ஸோ) அடித்துக் காயவைக்கிறார்கள். கடையில் கிடைக்கும் போர்டில் இது ஏற்கெனவே அடித்திருக்கும்.

வெள்ளை வெள்ளையில்லை!

பனிக் காட்சி வரைகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, வெள்ளை டியூபைப் பிதுக்கிக் கீழே முழுக்கப் பூசுவது. அது பனி மாதிரி இருக்காது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும்.

ஏன்? கல் உப்பை எடுத்துப் பாருங்கள். ஒரு கல் தனியாக இருந்தால் கண்ணாடி மாதிரித் தெரியும். அதையே இடித்துக் குவித்தால் வெள்ளையாகத் தெரியும். பனியும் அப்படித்தான். அது நிறமில்லாத சின்னச் சின்ன ஐஸ் துணுக்குகளின் குவியல். விழுகிற வெளிச்சத்தை அப்படியே சிதறித் திருப்பி அனுப்புகிறது. அதனால் வெயில் படுகிற இடத்தில் லேசான மஞ்சள் தெரியும். மர நிழல் விழுகிற இடத்துக்கு நேர் வெயில் போகாது, நீல வானத்தின் வெளிச்சம் மட்டும்தான் போகும். அதனால் பனி மேல் விழும் நிழல் நீலமாகத் தெரியும்.

கிளாட் மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் 1868-69 குளிர்காலத்தில் 'மேக்பை' என்ற பனிக் காட்சியை வரைந்தார். ஒரு வேலி, அதன் கேட்டில் ஒரு பறவை, பனி மேல் வேலியின் நீல நிழல். அவ்வளவுதான் படம். 1869ல் பாரிஸ் கண்காட்சியில் அதை ஏற்கவில்லை. இன்று அதே பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் மக்கள் தேடிப்போய்ப் பார்க்கும் படம் அது.

இந்த விஷயம் நமக்குப் புதுசு இல்லை. வெள்ளை வேட்டி பளிச்சென்று தெரிய நாம் நீலம் போடுகிறோமே! அந்தக் காலத்து நீலப் பொடியும் இந்த அல்ட்ராமரைனும் ஒரே சரக்குதான். மயில் கழுத்துக் கலர் புடவையில் பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். இரண்டும் சேர்ந்து மூன்றாவது கலர் கண்ணுக்குத் தெரிகிறது. தார் சுற்றிச் சுற்றிப் பழகிய கண்ணுக்கு, ஒரே பச்சையில் பத்து ஷேடு பிரித்துப் பார்க்கத் தெரியும். கல்லூரியில் ஓவியம் படிப்பவர்கள் வருடக்கணக்கில் பழகுகிற விஷயம் இது. நம் சகோதரிகள் பலருக்கு இது கைவசம் இருக்கிறது.

வரையும் முறை

1. வெயில் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். இடது பக்கம் என்றால் எல்லா நிழலும் வலது பக்கம்தான் விழ வேண்டும். ஒரு மர நிழல் இப்படியும் இன்னொரு மர நிழல் அப்படியும் போனால் படம் கெட்டுவிடும்.

2. மஞ்சள் காவியை டர்பன்டைனில் தண்ணீர் மாதிரிக் கரைத்து போர்டு முழுக்கத் தேய்த்து ஒரு நாள் காயவிடுங்கள். வெள்ளைப் போர்டில் வெள்ளைப் பனி வரைந்தால் கண்ணுக்கே தெரியாது. அடியில் கலர் இருந்தால்தான் எங்கே எவ்வளவு வெள்ளை என்று தெரியும்.

3. மெல்லிய பழுப்புக் கோட்டில் தரையும் வானமும் சேரும் இடத்தைக் குறியுங்கள். சரிபாதியில் வேண்டாம். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் பனித் தரைக்கு நிறைய இடம் கிடைக்கும். பெரிய மரம் வரும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் நட்டநடுவில் வேண்டாம்.

4. வானத்தை முதலில் போடுங்கள். நீலமும் வெள்ளையும், துளி சிவப்பும். வெயில் அடிக்கிற நாளில் வானத்தைவிடப் பனிதான் பளிச்சென்று இருக்கும். அதனால் வானத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே போடுங்கள்.

5. வானம் ஈரமாக இருக்கும்போதே தூரத்து மலையும் மரங்களும். இவை வெளிறிய நீலச் சாம்பலில், ஓரம் மங்கலாக இருக்க வேண்டும். இதைப் படிக்க இமயமலை போக வேண்டாம். மார்கழி விடியலில் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைத் தூரத்திலிருந்து பாருங்கள். பக்கத்துப் புளியமரம் கரும்பச்சையாக, கிளை கிளையாகத் தெரியும். கோபுரம் வெளிறி, நீலம் பாய்ந்து, பொம்மைகள் தெரியாமல் இருக்கும். தூரம் என்றால் அதுதான்.

6. தரையில் முதலில் நிழல் பகுதிகளை நீலம், வெள்ளை, துளி பழுப்பு கலந்து போடுங்கள். பிறகு வெயில் பகுதிக்கு வெள்ளையில் ஊசிமுனை அளவு மஞ்சள் காவி கலந்து தடிமனாக வையுங்கள். கலக்காத சுத்த வெள்ளையைக் கடைசி வரை தொட வேண்டாம். மிகப் பளிச்சென்ற இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் அது. புடவை முழுக்க ஜரிகை போட்டால் எது கரை, எது முந்தி என்று தெரியுமா? அது மாதிரித்தான்.

7. அடிப்பூச்சு காய்ந்ததும் பக்கத்து மரங்கள். தேவதாரு மரம் அடியில் அகலம், மேலே போகப்போகக் குறுகும். கிளைகளை இருண்ட கலரில் போட்டுவிட்டு, மேல் பக்கத்தில் மட்டும் பனி வையுங்கள். கிளைக்கு அடியில் பனி நிற்காது. மரத்தடியில் நேர்கோடு வேண்டாம். பனி மேடு கொஞ்சம் ஏறி மரத்தடியை மூடுகிற மாதிரி இருக்கட்டும். மர நிழலும் தரையின் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்க வேண்டும்.

8. இலை உதிர்ந்த மரத்தின் மெல்லிய குச்சிகளுக்குப் பெயின்டில் ஒரு சொட்டு லின்சீட் ஆயில் சேர்த்து இளக்கி, நீள முடி பிரஷால் அடியிலிருந்து நுனிக்கு இழுங்கள்.

ஒரே ஒரு விதியை மறக்க வேண்டாம். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக, மேல் பூச்சில் அதிகமாக இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல் பூச்சு முந்திக் காய்ந்து இறுகிவிடும், அடிப்பூச்சு பிறகும் அசையும், படம் வெடிக்கும்.

முடித்த படத்தைத் துணி சுற்றிப் பரண் மேல் போடாதீர்கள். ஆளி எண்ணெய் இருட்டில் மஞ்சள் தட்டும். மற்ற படத்தில் அது சட்டென்று தெரியாது, பனிப் படத்தில் உடனே தெரியும். வெளிச்சமான சுவரில், அடுப்புப் புகை படாத இடத்தில் மாட்டுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம்

இந்தப் பகுதியைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும் என்பது பலருக்குத் தெரியாது. லின்சீட் ஆயில் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்துப் போட்டால், சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறி ஏறி, யாரும் நெருப்பு வைக்காமலே தீப்பிடிக்கலாம். நம் வீடுகளில் தறிக்குப் பக்கத்தில் பட்டு நூலும் பாவும் இருக்கும். நூல் நமதாகக்கூட இருக்காது, சொசைட்டியுடையதோ முதலாளியுடையதோ ஆக இருக்கும். அதனால் துடைத்த துணியை உடனே தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். அல்லது வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள்.

டர்பன்டைன் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் வேண்டாம். ஜன்னல், கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். கர்ப்பிணிகளும் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது. தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பாட்டிலோடு உடனே 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஈயம் கலந்த வெள்ளை வேண்டாம், டைட்டானியம் வெள்ளையே வாங்குங்கள். பெயின்ட் கையோடு சோறு பிசையவோ குழந்தைக்கு ஊட்டவோ கூடாது. பிரஷ் கழுவிய டர்பன்டைனைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம். மூடி வைத்தால் கலர் அடியில் படியும், மேலே தெளிந்ததைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

ஒரே அறை உள்ள வீட்டில் இதெல்லாம் கஷ்டம் என்றால் அக்ரிலிக் கலர் வாங்குங்கள். தண்ணீரில் கரையும், சீக்கிரம் காயும், டர்பன்டைன் வேண்டாம். மேலே சொன்ன நிழல், வெளிச்சம், தூரம் எல்லாம் அதற்கும் பொருந்தும்.

இப்போது கணக்குக்கு வருவோம்

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குப் போடும் முறைக்காக மட்டும் ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்குப் போர்டும் பெயின்டும் 400 ரூபாய், பிரேம் 300 ரூபாய். வரைய 12 மணி நேரம், மணிக்கு 50 ரூபாய் கூலி என்றால் 600 ரூபாய். மொத்தம் 1,300 ரூபாய். கடைக்காரர் 1,000 ரூபாய்க்குக் கேட்டால், பொருள் செலவு 700 போக உங்கள் கையில் நிற்பது 300. அதாவது மணிக்கு 25 ரூபாய். "300 ரூபாய் லாபம்" என்று நினைத்தால் தப்பு. உங்கள் கூலியில் பாதியை நீங்களே விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று, ஆயில் பெயின்டிங்கில் பணம் மாட்டிக்கொள்ளும். பத்துப் படத்துக்கு 7,000 ரூபாய் போட்டால், காய்ந்து, பிரேம் போட்டு, விற்க மூன்று மாதம் ஆகலாம். 100க்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றாலும் 210 ரூபாய் வட்டி. ஆனால் தவணை மாதாமாதம் கட்ட வேண்டும், அதுதான் இடிக்கும். வீட்டுச் செலவிலிருந்து எடுத்துக் கட்டும் நிலை வரும்.

யார் வாங்குவார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பனிமலைப் படம் அச்சடித்த போஸ்டராகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. போட்டோ ஸ்டூடியோவில் பின்னால் தொங்கும் இயற்கைக் காட்சித் திரையும், சினிமா பேனரும் ஒரு காலத்தில் கையால் வரைந்தவைதான். 2000க்குப் பிறகு பிளெக்ஸ் பிரிண்டிங் வந்து அந்தக் கலைஞர்களில் பலருக்கு வேலை இல்லாமல் போனதைக் கண்ணால் பார்த்தோம். பெரிய கைத்திறமை உள்ளவர்களுக்கே அந்த நிலை.

ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பாத்திக் துணி மாதிரிக் கைவினைப் பொருள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் சேர்ந்து நிலம் வாங்கினார்கள். கைவினை சோறு போட்டது, ஓவியம் வளர்ந்தது. சேர்ந்து உழைத்து, சேர்ந்து சேமித்து, சேர்ந்து சொத்து வாங்குவது நம் குழுவின் வழியும்தானே!

எங்கள் கருத்து

ஆயில் பெயின்டிங் கற்பதற்காகக் குழுவில் பெரிய கடன் எடுக்க வேண்டாம். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு செட் பெயின்ட் பொதுவாக வாங்கிப் பழகுங்கள். முதல் ஐந்து படத்தை விற்பனைக்கு என்று நினைக்காதீர்கள். கை பழகியதும் நம் ஊருக்கு வருகிறவர்கள் எதை வாங்குவார்கள் என்று யோசியுங்கள். கோயிலுக்கும் புடவைக்கும் வருகிறவர்கள் காஞ்சியில் பனிமலைப் படத்தைத் தேட மாட்டார்கள். மார்கழிப் பனியில் கோபுரம், தெப்பக்குளம், தறி முன்னால் ஒரு பெண் என்றால் நின்று பார்க்க வாய்ப்பு அதிகம். பனிக் காட்சியில் கற்ற அதே நிழலும் அதே தூரமும்தான் இதற்கும் வேண்டும். சின்ன அளவில் வரைந்து கண்காட்சியில் வைத்துப் பாருங்கள். மூன்று முறை விற்று, கணக்கு எழுதி, கூலியும் கிடைத்தால், அந்த நோட்டைக் கூட்டத்தில் காட்டிச் சின்னக் கடன் கேளுங்கள். அப்போது நாங்களே பரிந்து பேசுவோம்.

வருமானம் வராவிட்டால் கற்றதே வீணா? இல்லை சகோதரிகளே. நம் பெண்கள் நாள் முழுக்கக் கலருக்கு நடுவில்தான் வாழ்கிறார்கள். ஆனால் எந்தப் புடவைக்கு எந்தக் கலர் என்று முடிவு பண்ணுவது வேறு ஆள். இந்தப் பத்து அங்குலப் போர்டில் வானம் என்ன கலர், மரம் எங்கே என்று முடிவு பண்ணுவது நீங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அதற்கு எடுத்துக்கொள்வது சோம்பேறித்தனம் இல்லை, ஆடம்பரமும் இல்லை. வீட்டில் யாராவது கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்:
1. நம் குழுவில் எத்தனை பேருக்கு ஓவியத்தில் விருப்பம்? பொதுவாகப் பெயின்ட் வாங்க முடியுமா?
2. காற்றோட்டமான, பட்டு நூல் இல்லாத பொது இடம் எது?
3. இதுவரை செய்த கைவேலைகளில் நம் கூலியைக் கணக்கில் சேர்த்தோமா?

வரைந்த படங்களைக் காயவைத்துக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நன்றாக வந்ததோ வராததோ, எல்லாவற்றையும் சுவரில் மாட்டிப் பார்ப்போம்.